எம்.எஸ்சி. ஜியாலஜி: எந்தக் காலேஜ் என்று கேட்பதற்கு முன்னால்

மே மாதம் வந்துவிட்டால் என் போனில் ஒரே கேள்விதான். "மேடம், பி.எஸ்சி. ஜியாலஜி முடிச்சுட்டேன். எம்.எஸ்சி.க்கு எந்தக் காலேஜ் நல்லா இருக்கும்?"

நான் திருப்பி மூன்று கேள்வி கேட்பேன். அந்தத் துறையில் இரண்டு வருடத்தில் எத்தனை நாள் ஃபீல்டுக்குக் கூட்டிப் போகிறார்கள்? தின்-செக்‌ஷனை (மைக்ராஸ்கோப்பில் பார்க்கக் கல்லைத் தேய்த்து மெலிதாக்கிய ஸ்லைடு) மாணவர்களே தேய்த்துச் செய்கிறார்களா, இல்லை அலமாரியில் இருக்கும் பழைய ஸ்லைடுகளைப் பார்த்தே பாஸ் ஆகிவிடுகிறார்களா? பட்டச் சான்றிதழில் பாடத்தின் பெயர் என்னவென்று அச்சாகும்? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்தால் காலேஜை நீங்களே தேர்ந்தெடுத்துவிடலாம். பெரிய பெயர் உள்ள இடத்தில் படித்துவிட்டு பாறைச் சாய்வை அளக்கும் கிளைனோமீட்டரைத் தலைகீழாகப் பிடித்தவர்களையும் பார்த்திருக்கிறேன், சின்ன ஊர் அரசுக் கல்லூரியில் படித்து மத்திய அரசு வேலையில் உட்கார்ந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. ஊர் திருச்செங்கோட்டுப் பக்கம். அப்பா போர்வெல் போடும் ரிக் வண்டியில் டிரில்லர். போர் ஓடும்போது துளையிடும் பிட்டின் சத்தம் மாறினால், வெளியே வரும் தூளின் நிறமும் மாறும் என்பதை ஸ்கூல் லீவில் வண்டியோடு போன நாட்களிலேயே கவனித்தேன். ஜியாலஜிக்கு வந்தது அப்படித்தான். இப்போது முதுகலை மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன்.

யார் சேரலாம்

இளங்கலையில் ஜியாலஜியை முக்கியப் பாடமாகப் படித்தவர்களுக்கு எந்தச் சிக்கலும் இல்லை. ஐ.ஐ.டி.களில் பெரும்பாலும் மூன்று வருடமும் ஜியாலஜி ஒரு பாடமாக இருந்திருக்க வேண்டும், கூடவே கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகியவற்றில் இரண்டும் வேண்டும் என்று கேட்பார்கள். பி.எஸ்சி.யில் கெமிஸ்ட்ரியோ ஜியாகிரபியோ படித்தவர்கள் "மாறி வரலாமா" என்கிறார்கள். சில பல்கலைக்கழகங்கள் எடுத்துக்கொள்ளும். ஆனால் முதல் செமஸ்டரில் கிரிஸ்டலோகிராபியும் (படிக அமைப்பு) ஸ்ட்ரக்சுரல் ஜியாலஜியும் (பாறைகள் மடிந்தும் உடைந்தும் கிடக்கும் விதம்) சேர்ந்து மூச்சு வாங்க வைக்கும். சேருவதற்கு முந்தைய கோடையிலேயே இருபது கனிமங்களையாவது கையில் வைத்துப் பார்த்து அடையாளம் சொல்லப் பழகிவிட்டு வாருங்கள்.

எந்தத் தேர்வு எழுதுவது

தமிழ்நாட்டுக்குள் படிப்பதென்றால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகம், அண்ணா பல்கலைக்கழகம், பிரசிடென்சி, சேலம் அரசு கலைக் கல்லூரி, பெரியார் பல்கலைக்கழகம், திருச்சி நேஷனல் காலேஜ், அண்ணாமலை, தூத்துக்குடி வ.உ.சி. என்று வரிசை இருக்கிறது. பெரும்பாலான இடங்களில் மதிப்பெண்ணை வைத்தோ, அவர்களே நடத்தும் தேர்வை வைத்தோ சேர்க்கை நடக்கும். விண்ணப்பத் தேதி இடத்துக்கு இடம் மாறும். ஒவ்வொரு இணையதளத்தையும் ஏப்ரல் முதலே வாரம் ஒரு தரம் பாருங்கள். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துக்கும் டெல்லிக்கும் சி.யு.இ.டி.-பி.ஜி. என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்.

ஐ.ஐ.டி. என்றால் ஜாம் (எம்.எஸ்சி. சேர்க்கைக்கு ஐ.ஐ.டி.கள் சேர்ந்து நடத்தும் தேர்வு). பம்பாய், கரக்பூர், ரூர்க்கி, தன்பாத், புவனேஸ்வர் எல்லாம் இதில் வரும். விண்ணப்பம் செப்டம்பர் வாக்கில் திறக்கும், தேர்வு பிப்ரவரியில். மூன்று மணி நேரம், 60 கேள்வி, 100 மார்க். அதில் 30 கேள்வி ஒரு விடை மட்டும் சரியானவை. இவற்றுக்குத்தான் நெகடிவ் மார்க். 10 கேள்விகளில் ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் சரியாக இருக்கலாம். மீதி 20-இல் விடையை எண்ணாக நீங்களே தட்ட வேண்டும். நம் பிள்ளைகள் கோட்டை விடுவது இந்தக் கடைசி வகையில்தான். மனப்பாடம் இங்கே உதவாது. ஒரு மாதிரி: சமதரையில் ஸ்ட்ரைக்குக்கு (படுகை கிடைமட்டமாக நீளும் திசை) குறுக்கே நடந்து அளந்தால் பாறைப் படுகையின் அகலம் 40 மீட்டர், டிப் (படுகையின் சாய்வு) 30 டிகிரி. உண்மைத் தடிமன் என்ன? 40-ஐ சைன் 30-ஆல் பெருக்கினால் 20 மீட்டர். இவ்வளவுதான் விஷயம். ஆனால் தரை சரிவாக இருந்தால் என்ன ஆகும் என்று படம் போட்டுப் பார்க்காதவர் மாட்டிக்கொள்வார். அப்பரன்ட் டிப் (ஸ்ட்ரைக்குக்கு நேர்க்குறுக்காக இல்லாத திசையில் தெரியும் சாய்வு), தாதுவின் கனஅளவை அடர்த்தியால் பெருக்கி டன் கணக்கிடுவது, அரை ஆயுள், நிலத்தடி நீரோட்டத்துக்கான டார்சி விதி ஆகியவற்றிலிருந்து தினமும் ஐந்து கணக்கு போடுங்கள். பழைய வினாத்தாள்கள் ஜாம் இணையதளத்திலேயே இலவசமாக இருக்கின்றன. கோச்சிங்குக்கு வீட்டில் கடன் வாங்கச் சொல்லாதீர்கள்.

ஸ்ட்ரேடிகிராபியில் (பாறை அடுக்குகளின் வரிசையையும் வயதையும் படிக்கும் பாடம்) இன்னொரு சங்கடம் உண்டு. ஸ்பிதி, விந்தியன், கோண்ட்வானா எல்லாம் நாம் கண்ணால் பார்க்காத இடங்கள். வெறும் பெயர்ப் பட்டியலாகப் படித்தால் ஒரு வாரத்தில் மறந்துபோகும். இந்திய வரைபடத்தைச் சுவரில் ஒட்டி, ஒவ்வொரு படுகையையும் நீங்களே கலர் பென்சிலால் நிரப்புங்கள். ஜி.எஸ்.ஐ.யின் (இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம்) பூகோஷ் இணையதளத்தில் நிலவியல் வரைபடங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

லேபுக்குள் போய்ப் பாருங்கள்

சேருவதற்கு முன் ஒரு நாள் அந்தத் துறைக்கு நேரில் போங்கள். ஆபீஸ் ரூமில் உட்கார வேண்டாம். ராக் கட்டிங் ரூம் எங்கே என்று கேளுங்கள். கதவைத் திறந்ததும் தரையில் ஈரமும் கல் சேறும் இருந்தால் நல்ல சகுனம். மெஷின் மேல் துணி போர்த்தி, துணி மேல் தூசி படிந்திருந்தால் மேற்கொண்டு ஏதும் கேட்க வேண்டியதில்லை.

ஏன் இதற்கு இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன் என்றால், தின்-செக்‌ஷன் செய்து பார்த்தவருக்குத்தான் பாறை புரியும். கல்லில் ஒரு சில்லை வைரச் சக்கரத்தில் அறுக்க வேண்டும். ஒரு பக்கத்தைக் கார்போரண்டம் பொடியில் தேய்த்து வழவழப்பாக்கி, கண்ணாடி ஸ்லைடில் பசை வைத்து ஒட்ட வேண்டும். பிறகு மறுபக்கத்தை 0.03 மில்லிமீட்டர் வரும்வரை தேய்க்க வேண்டும். அந்த அளவை எந்த ஸ்கேலாலும் அளக்க முடியாது. மைக்ராஸ்கோப்பில் வைத்து கிராஸ்டு நிக்கல்ஸ் (ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்த இரண்டு போலரைசர்கள்) போட்டுப் பார்க்க வேண்டும். குவார்ட்ஸ் மஞ்சளாகத் தெரிந்தால் இன்னும் தடிமன் இருக்கிறது, தேய்க்கலாம். சாம்பலும் வெள்ளையுமாக மாறியதும் கையை எடுத்துவிட வேண்டும். கொஞ்சம் ஆசைப்பட்டு இன்னொரு சுற்று தேய்த்தால் ஓரத்தில் இருக்கும் கனிமமெல்லாம் போய்விடும்.

முதல் ஸ்லைடுக்குப் பல்லாவரம் சார்னோகைட் எடுங்கள். பரங்கிமலை பக்கம் கிடைக்கும் அதே கருநீலக் கல்தான். கையில் வைத்துப் பார்த்தால் எல்லாமே எண்ணெய் தடவினாற்போல ஒரே கருமையாக இருக்கும், எது ஃபெல்ஸ்பார் எது குவார்ட்ஸ் என்றே பிரிக்க முடியாது. ஸ்லைடாக்கி, ஒரே ஒரு போலரைசரில் ஸ்டேஜைச் சுற்றினால் ஹைபர்ஸ்தீன் என்ற கனிமம் இளஞ்சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறும். குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் நிறம் மாறாமல் நிற்கும். இதை ஒரு தரம் பார்த்தவர் பரீட்சையில் ப்ளியோக்ரோயிசம் (இப்படிச் சுற்றும்போது நிறம் மாறுவது) கேள்விக்கு யோசிக்க மாட்டார்.

ஃபீல்டு

தமிழ்நாட்டில் ஜியாலஜி படிப்பவர்களுக்கு ஒரு அதிர்ஷ்டம். பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரத்திலேயே உலகத்தரமான இடங்கள் இருக்கின்றன. அரியலூர்–பெரம்பலூர் பக்கம் டைனோசர்கள் வாழ்ந்த கிரட்டேசியஸ் காலக் கடல் படிவங்கள். காரையில் அரித்துப்போன களிமண் மேடுகளுக்கு நடுவே நடந்தால் பெலெம்னைட்டும் அம்மோனைட்டும் (பழங்காலக் கடல் உயிரிகளின் புதைபடிவங்கள்) காலில் தட்டுப்படும். கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் சிப்பிகள் அடுக்கடுக்காக இருக்கும். சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம். நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டி அனார்தோசைட், வயது சுமார் 250 கோடி ஆண்டு. சந்திரயானின் ரோவரை ஓட்டிப் பார்க்க நிலா மண் போல ஒன்று தேவைப்பட்டபோது இஸ்ரோ இந்தப் பக்கத்துக் கல்லைத்தான் அரைத்தது. சிவன்மலையில் நெஃபலின் சயனைட், சேலத்தில் மேக்னசைட், நெய்வேலியில் லிக்னைட், கன்னியாகுமரிக் கடற்கரையில் இல்மனைட்டும் மோனசைட்டும்.

கல்மரம் இருக்கும் சாத்தனூரும் திருவக்கரையும் பாதுகாக்கப்பட்ட இடங்கள். அங்கே சுத்தியலைப் பையை விட்டே எடுக்காதீர்கள்.

ஃபீல்டுக்கு டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உகந்த காலம். காரையில் ஒதுங்க ஒரு மர நிழல்கூடக் கிடையாது. ஏப்ரலில் கூட்டிப் போகும் வாத்தியார் யார் என்று சீனியர்களிடம் விசாரித்து, அவர் வகுப்புக்குத் தொப்பியோடு போங்கள்.

பையில் என்ன வேண்டும்? பத்து மடங்கு லென்ஸ் கழுத்தில் கயிறு போட்டுத் தொங்க வேண்டும். பையில் போட்டால் எடுக்க மாட்டீர்கள், அதுதான் மனித சுபாவம். கிளைனோமீட்டரோ பிரண்டன் காம்பஸோ துறையில் தருவார்கள். சுத்தியல் இறக்குமதிதான் வேண்டும் என்பதில்லை. நல்ல கொல்லரிடம் சொல்லி எஃகில் அடித்துக்கொள்ளலாம், ஆனால் தலை கழன்று பறக்காத பிடி முக்கியம். கண்ணுக்குக் கண்ணாடி. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சின்ன டிராப்பர் பாட்டிலில். சுண்ணாம்புக்கல்லா என்று பார்க்க ஒரு சொட்டு போதும்.

கருவியை நம்புவதற்கும் ஒரு எல்லை உண்டு. சேலம் பக்கத்துக் கஞ்சமலைக்கு மாணவர்களைக் கூட்டிப் போனால் முதலில் எதையும் சொல்ல மாட்டேன். ஸ்ட்ரைக் எடுக்கச் சொல்லிவிட்டுச் சும்மா நிற்பேன். ஒருவர் வடகிழக்கு என்பார், பத்தடி தள்ளி நிற்பவர் தெற்கு என்பார், இன்னொருவர் காம்பஸைத் தட்டிப் பார்ப்பார். காம்பஸில் குறை ஏதும் இல்லை. காலுக்குக் கீழே இருப்பது மேக்னடைட் குவார்ட்சைட், முள் இரும்பைப் பார்த்துத்தான் திரும்பும். பாறையை விட்டு விலகிப் போய், படுகை நீண்டு போகும் திசையை மேப்பில் இருக்கும் கோயிலையோ குன்றையோ வைத்துப் பிடிக்க வேண்டும். இதை வகுப்பில் கரும்பலகையில் சொல்லியிருந்தால் யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள்.

நோட்டுப் புத்தகத்தில் அங்கேயே நின்று எழுதுங்கள், ரூமுக்கு வந்து எழுதலாம் என்று விடாதீர்கள். இடம், அட்சரேகை தீர்க்கரேகை, பாறை, ஸ்ட்ரைக், டிப், டிப்பின் திசை, சாம்பிள் எண், ஒரு படம், படத்தில் அளவு. உதாரணத்துக்கு: "கிணற்றுக்கு மேற்கே 30 மீ.; ஹார்ன்பிளெண்டு நைஸ்; ஸ்ட்ரைக் வடக்கு 60 கிழக்கு; டிப் 45 தென்கிழக்கு; சாம்பிள் 7; பெக்மடைட் நரம்பு ஒன்று குறுக்கே வெட்டுகிறது." பென்சிலில் எழுதுங்கள், வியர்வையில் பேனா மை கரையும். மொபைலில் எடுத்த போட்டோவில் சுத்தியலையோ பேனாவையோ வைத்தால்தான் அளவு தெரியும். உங்கள் நண்பரின் முகத்தை வைத்தால் பிறகு உதவாது.

குவாரிக்குப் போனால் முதல் கேள்வி, "மைன்ஸ் ஆபீசுங்களா?" துறைத் தலைவரின் கடிதம் ஒன்று கையில் இருக்கட்டும். மேலாளரிடம் காட்டி, வெடி வைக்கும் நேரம் எப்போது என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். காட்டுக்குள் நின்றால் ஊர்க்காரர்கள் கேட்பது வேறு: "தண்ணி பாக்க வந்தீங்களா கண்ணு?" பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். ஊரிலுள்ள கிணறுகள் எந்த ஆழத்தில் எந்தக் கல்லை வெட்டியிருக்கின்றன என்று அவர்களுக்குத்தான் தெரியும். வெட்டிய கிணறு ஒன்றை எட்டிப் பார்த்தால், அரைநாள் நடந்தாலும் கிடைக்காத குறுக்குவெட்டு சும்மா கிடைக்கும்.

பெண் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. கழிப்பறை வசதியைக் கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். ஃபீல்டு டிரிப் திட்டமிடும்போதே, எந்தப் பெட்ரோல் பங்கில் நிற்போம், எந்தப் பள்ளிக்கூடத்தில் பேசி வைத்திருக்கிறார்கள் என்று முன்கூட்டியே கேளுங்கள். தண்ணீர் குடிக்காமல் இருந்து சமாளிக்கும் பழக்கம் எங்கள் தலைமுறையில் பலருக்கு சிறுநீரகக் கோளாறில் கொண்டுபோய் விட்டது. ஒரு துறை இந்தக் கேள்விக்கு முகம் சுளித்தால் அதுவும் உங்களுக்குக் கிடைத்த தகவல்தான்.

கைடும் டிசர்டேஷனும்

இரண்டாம் வருடம் டிசர்டேஷன், அதாவது ஒரு கைடின் (வழிகாட்டும் ஆசிரியர்) கீழ் செய்யும் ஆய்வேடு. கைடின் பெயரைப் பார்த்து எடுக்காதீர்கள். அவரிடம் போன வருடம் செய்த மாணவரைப் பிடித்துக் கேளுங்கள்: பாறையில் என்னென்ன தனிமங்கள் என்று அளக்கும் எக்ஸ்.ஆர்.எஃப். சோதனைச் செலவை யார் கொடுத்தார்கள்? ஒரு சாம்பிளுக்கு இத்தனை என்று பில் போடுவார்கள், பத்து சாம்பிள் என்றால் அது ஒரு குடும்பத்தின் மாதச் செலவு. திருத்தம் எத்தனை நாளில் திரும்பி வந்தது? கட்டுரை வெளியானால் மாணவர் பெயர் எந்த இடத்தில் வந்தது? காசில்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். நல்ல மேப்பிங்கும் பத்து தின்-செக்‌ஷனும் மட்டும் வைத்தே உருப்படியான டிசர்டேஷன் செய்யலாம். கெமிஸ்ட்ரி எண்களைக் குவித்து மேப் இல்லாமல் வரும் ஆய்வை இண்டர்வியூவில் முதல் கேள்வியிலேயே கிழித்துவிடுவார்கள்.

கோடை விடுமுறையில் சயின்ஸ் அகாடமிகள் தரும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்கு முதல் வருடமே விண்ணப்பியுங்கள். ஹைதராபாத் என்.ஜி.ஆர்.ஐ., டேராடூன் வாடியா, திருவனந்தபுரம் என்.சி.இ.எஸ்.எஸ்., லக்னோ பீர்பல் சாஹ்னி போன்ற ஆய்வு நிறுவனங்களில் இரண்டு மாதம் உட்கார்ந்து வந்தால், ஆராய்ச்சி நமக்கு ஒத்துவருமா என்பது தெரிந்துவிடும்.

வேலைக்கான தேர்வுகள்

ஜி.எஸ்.ஐ. 1851-இல் தொடங்கியது. அதன் முதல் இந்திய இயக்குநர் தஞ்சாவூர்க்காரர் எம்.எஸ். கிருஷ்ணன், 1951-இல் வந்தார். இன்று அதில் ஜியாலஜிஸ்ட் ஆக யு.பி.எஸ்.சி. நடத்தும் கம்பைண்டு ஜியோ-சயின்டிஸ்ட் தேர்வு எழுத வேண்டும். மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் ஹைட்ரோஜியாலஜிஸ்ட் பணிக்கும் அதே தேர்வு. பிரிலிம்ஸ் 400 மார்க், அதில் 300 நம் பாடம், 100 பொது அறிவு. மெயின்ஸ் தலா 200 வீதம் மூன்று தாள், விரிவாக எழுத வேண்டும். பிறகு 200 மார்க் இண்டர்வியூ. வயது 21 முதல் 32, பிரிவுக்கு ஏற்றபடி தளர்வு உண்டு. ஹைட்ரோ எழுதுபவர்களுக்கு மூன்றாம் தாள் மட்டும் வேறு.

மெயின்ஸ் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் இங்கேதான் தயங்குகிறார்கள். தேவையில்லை. படம் பேசும் பாடம் இது. ஒவ்வொரு விடைக்கும் ஒரு படம், படத்தில் தெளிவான பெயர்கள், கீழே எட்டுப் பத்து வாக்கியங்கள். வாரம் இரண்டு விடை எழுதி யாரிடமாவது காட்டுங்கள். பிரிலிம்ஸ், கேட் (ஜி.ஏ.டி.இ.) தேர்வு இரண்டுமே பிப்ரவரியில் வந்து மோதும். ஆகவே எம்.எஸ்சி. இரண்டாம் வருடத்தில் எதை முதலில் எழுதுவது என்று ஜூலையிலேயே முடிவு செய்யுங்கள்.

முதலில் கேட்ட மூன்றாவது கேள்விக்கு இங்கேதான் காரணம். யு.பி.எஸ்.சி. அறிவிப்பில் எந்தெந்தப் பட்டங்கள் செல்லும் என்று பட்டியலே போட்டிருக்கும்: ஜியாலஜி, அப்ளைடு ஜியாலஜி, மரைன் ஜியாலஜி, மினரல் எக்ஸ்ப்ளோரேஷன், ஜியோகெமிஸ்ட்ரி என்று. கவர்ச்சியாகப் பெயர் வைத்த புதிய படிப்பில் சேர்ந்து, பாடத்திட்டம் அப்படியே ஜியாலஜியாக இருந்தும், பெயர் பட்டியலில் இல்லாததால் விண்ணப்பிக்க முடியாமல் நின்ற பெண் ஒருத்தியை எனக்குத் தெரியும். சேரும் முன் போன வருட அறிவிப்பை இறக்கி, சான்றிதழில் வரப்போகும் பெயரை அதோடு ஒப்பிடுங்கள்.

மாநில அளவில் டி.என்.பி.எஸ்.சி. மூலம் உதவி ஜியாலஜிஸ்ட் பணி வரும். எப்போதாவதுதான் அறிவிப்பு வரும், அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். தனியார் மைன்ஸ் வேலைக்குப் பெண்கள் போகலாமா என்று பெற்றோர் கேட்பார்கள். 1952 சுரங்கச் சட்டம் பெண்களை நிலத்தடிச் சுரங்கத்துக்குள் விடவில்லை. 2019 ஜனவரியில் மத்திய அரசு, எழுத்துப்பூர்வ சம்மதத்தோடு, காலை 6 முதல் மாலை 7 வரை, தொழில்நுட்ப, மேற்பார்வைப் பணிகளில் அனுமதித்தது. இப்போது "சட்டம் விடாது" என்று சொல்லி மறுக்கும் நிறுவனத்திடம் இதைச் சொல்லலாம்.

பி.எச்டி.யும் வெளிநாடும்

ஆராய்ச்சி என்றால் சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் தேர்வு, அதில் எர்த் சயின்சஸ் தாள். அதில் ஜே.ஆர்.எஃப். (ஆய்வு உதவித்தொகை) கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000. வீட்டு வாடகைப் படி தனி. வீட்டில் "இன்னும் எத்தனை வருசம் படிப்பே" என்று கேட்பவர்களிடம் இந்தத் தொகையைச் சொல்லுங்கள். எங்கப்பா அதுவரை பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப ரிக்குல டிரில்லருக்குக் குடுக்கறதவிட நல்லாத்தான் குடுக்கறாங்க" என்றார். அதற்குப் பிறகு கேள்வி வரவில்லை.

அமெரிக்காவில் பல ஜியாலஜி துறைகள் ஜி.ஆர்.இ. நுழைவுத் தேர்வு மதிப்பெண் கேட்பதை நிறுத்திவிட்டன. பி.எச்டி.க்குப் போனால் கட்டணத் தள்ளுபடியும் உதவித்தொகையும் சேர்ந்தே வருவது வழக்கம். முதுகலைக்குப் போனால் பெரும்பாலும் கைக்காசு. ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. விசாவுக்கு ஒரு வருடச் செலவை முடக்கக் கணக்கில் (பிளாக்டு அக்கவுண்ட், மாதாமாதம் கொஞ்சமாகத்தான் எடுக்க முடியும்) காட்ட வேண்டும்.

எங்கே போவதாக இருந்தாலும், விண்ணப்பத்துக்கு முன் பேராசிரியருக்கு மெயில் போக வேண்டும். "ரெஸ்பெக்டட் சார், ஐ ஆம் எ ஹார்ட் வொர்க்கிங் ஸ்டூடன்ட்" என்று ஐம்பது பேருக்கு ஒரே மெயிலை அனுப்பினால் ஐம்பதும் குப்பைக்குத்தான் போகும். அவருடைய சமீபத்திய கட்டுரை ஒன்றை முழுதாகப் படியுங்கள். அதில் எந்தப் படம் உங்களுக்குப் புரியவில்லை அல்லது உங்கள் ஃபீல்டில் பார்த்ததோடு எங்கே ஒத்துப்போகிறது என்று இரண்டு வரி. உங்கள் டிசர்டேஷன் எந்த இடம், என்ன பாறை, என்ன செய்தீர்கள் என்று மூன்று வரி. நீங்கள் வரைந்த மேப் ஒன்றை இணையுங்கள். அடுத்த வருடம் மாணவர் எடுக்கிறாரா என்று ஒரு வரி. போதும். இரண்டு வாரம் கழித்துப் பதில் இல்லையென்றால் ஒரே ஒரு முறை நினைவூட்டுங்கள். அதற்கும் வரவில்லையென்றால் அடுத்தவருக்குப் புதிதாக ஒரு மெயில் எழுதுங்கள், பழையதில் பெயரை மட்டும் மாற்றி அனுப்ப வேண்டாம்.